மூன்றாவது வண்டின் கழுத்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவும் நலம்தான், முழங்காலைப் பற்றிக் கேட்காதவரை. உன் இருமல் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க அந்துருண்டை வாசனையில் உட்கார்ந்திருந்தால் அது எங்கே போகும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தகர டப்பா வரும். பஞ்சுக்குள் இரண்டு வண்டுகள் இருக்கின்றன. உதறாமல் திற.

போன வாரம் கிடங்குக்கு ஒரு லோடு மரம் வந்தது. எங்கள் ரம்பக்காரர் ஒரு கட்டையை மேடையில் ஏற்றிவிட்டு, ரம்பத்தை ஓட்டாமல் கட்டைமேல் காதை வைத்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டேன். "மேடம், உள்ள யாரோ வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க. நம்மள விட சுறுசுறுப்பான ஆளுங்க" என்றார். அறுக்காமல் கோடரியால் பிளந்து பார்த்தோம். நடுவே இந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பூச்சி உண்டு, இல்லை என்று முத்திரை குத்துவதோடு என் வேலை முடிந்துவிடும். ஆனால் நீ எழுதிய பட்டியல் நூல் என் மேஜையில் இருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா. சாம்பல் மீசை வண்டு என்று நீ எழுதியிருப்பதோடு எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. இவற்றின் பின்னங்கால் தொடையில், உள்பக்கமாக ஒரு முள் இருக்கிறது. உன் நூல் தொடை வழவழப்பானது என்கிறது.

சாம்பல் மீசைக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த வண்டைப் பார்த்து வைத்தார்களோ, அந்த மூல மாதிரி உன் அருங்காட்சியக அலமாரியில்தானே இருக்கிறது? அதைக் கொஞ்ச நாளைக்கு இரவலாக அனுப்பேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகிவிடும். இது புதிய இனம் என்றால் நானே விவரித்து எழுதலாம் என்று ஓர் ஆசை. சிரிக்காதே.

அம்மா உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன்
சின்னவள்


ஜனவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

டப்பா பத்திரமாக வந்தது. இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் வண்டுகளைப் பார்த்தேன். உற்சாகத்தைக் கெடுக்க விரும்பவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தொடையில் ஒரு முள் இருப்பதால் மட்டும் ஒரு புதிய இனம் பிறந்துவிடாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவற்றிலேயே ஒன்று ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி இருக்கும். அது உனக்குத் தெரியாததா.

இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேறு கிடைத்தால் எல்லாவற்றையும் இங்கே அனுப்பு. அங்கே ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. மரக்கிடங்கில் எறும்பு தின்றுவிடும்.

மூல மாதிரியை இரவல் தருவது உன் பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பது மாதிரி இல்லை. படிவம் இருக்கிறது, அதில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார். பார்க்கிறேன். அவசரப்படாதே. இந்தத் துறையில் அவசரப்பட்டவர்கள் யாரும் உருப்பட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தேன். "பெரியவ சொன்னாளா? அப்ப இன்னும் கொஞ்சம் சூடா குடு" என்றாள் அம்மா. நீ கொடுத்து வைத்தவள், இங்கே இல்லாமலே உன் பேச்சு எடுபடுகிறது.

நீ கேட்டபடியே எல்லாவற்றையும் அனுப்புகிறேன். இந்த டப்பாவில் ஐந்து. முன்பு அனுப்பியதோடு சேர்த்து ஏழு. அதே லோடில் வந்த இன்னொரு கட்டையில் கிடைத்தன. அதையும் ரம்பக்காரர்தான் காதால் கண்டுபிடித்தார். இப்போது எந்தக் கட்டை வந்தாலும் முதலில் காதை வைக்கிறார். மேலாளர் அவரைப் பார்த்து, "யோவ், மரத்தோட ரகசியம் பேசினது போதும், ரம்பத்த ஓட்டு" என்று கத்துகிறார்.

நீ இறந்த வண்டுகளைத்தான் பார்ப்பாய், அதனால் ஒன்று சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போது இவற்றின் தோள் மயிரில் பச்சைப் பொடி தூவினாற்போல ஒரு நிறம் இருக்கிறது. செத்து ஒரு நாள் ஆனால் அது போய்விடுகிறது. பிறகு சாம்பல் மீசையேதான். அந்தப் பச்சையை உனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், டப்பாவில் போட்டு அனுப்ப முடியவில்லை.

இன்னொன்று. கண்கள் இரண்டுக்கும் நடுவே நெற்றியில் ஒரு பள்ளம் ஓடுகிறது, ஊசியால் கீறினாற்போல. ஏழிலும் இருக்கிறது. தொடை முள்ளும் ஏழிலும் இருக்கிறது. ஏழு பேரும் பேசி வைத்துக்கொண்டா வந்திருப்பார்கள்?

விவரணை எழுத ஆரம்பித்துவிட்டேன். இயக்குநர் விடுப்பு முடிந்து வந்துவிட்டாரா? இருமலுக்கு மிளகு போட்டுக் குடி.

உன்
சின்னவள்


மார்ச் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. இங்கே கூரை ஒழுகி நான்கு அலமாரிகளை நகர்த்த வேண்டியதாகப் போயிற்று. மற்றபடி நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஏழும் வந்து சேர்ந்தன. பத்திரமாக இருக்கின்றன.

சில விவரங்கள் தேவை. அந்த லோடு எந்தத் தேதியில் வந்தது? கட்டை எந்த மரம்? தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெட்டியது? வண்டு எந்த நேரத்தில் மரத்தைவிட்டு வெளியே வருகிறது? துளை வட்டமா, நீள்வட்டமா? ஒவ்வொன்றையும் அளவோடு எழுது. பொதுவாகக் குறித்து வைத்துக்கொள்வதற்காகக் கேட்கிறேன்.

நீ கடிதத்தில் 'மயிர்' என்று எழுதுகிறாய். அது மயிர் இல்லை, முட்கேசம். இப்படி எழுதினால் எந்த ஆய்விதழும் திரும்பிக்கூடப் பார்க்காது. இருபத்து நான்கு வருடம் இதே வேலையாக இருப்பவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வெயில் வருகிறது. அம்மாவை மதியத்தில் வெளியே விடாதே.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. ஆறு வாரம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, அவர் என்னைத் தப்பாக நினைக்கிற அளவுக்குப் போய்விட்டது. அம்மாவும் நானும் நலம்.

நீ கேட்டதையெல்லாம் தனித்தாளில் அளவோடு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். துளை நீள்வட்டம். கிடங்கில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக வெளியே வருகின்றன. ரம்பக்காரர், "வேல செஞ்ச பசி மேடம்" என்கிறார். ஜனவரியில் அந்த ஐந்தும் வெளியே வந்தபோதே பன்னிரண்டு நாள் கூடவே உட்கார்ந்து குறித்தது இது. என் மதியச் சாப்பாடு பன்னிரண்டு நாளும் ஆறிப்போயிற்று.

என் விவரணையின் முதல் வரைவையும் வைத்திருக்கிறேன். முட்கேசம் என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல். நீ திட்டினால்தான் எனக்கு எழுத்து வரும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதானே.

அக்கா, அந்த மூல மாதிரி? படிவம் என்ன ஆயிற்று? அது ஒன்று வந்துவிட்டால் ஒரே வாரத்தில் முடித்துவிடுவேன். அம்மா தினமும் காலையில், "என்னடி, உன் வண்டு பெரியாளாயிடுச்சா?" என்று கேட்கிறாள். அவளுக்காகவாவது சீக்கிரம் அனுப்பு.

உன்
சின்னவள்


மே 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு நல்ல செய்தி. உட்கார்ந்துகொண்டு படி.

இணைத்திருப்பது ஆய்விதழிலிருந்து பிழை பார்க்க வந்த அச்சுப்படி. நீ சந்தேகப்பட்டது சரிதான், அது புதிய இனமேதான். ஆனால் உன்னுடைய ஏழுக்கு முன்பே அது இங்கே இருந்திருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு முன் நானே பிடித்து, என் கையால் சீட்டு எழுதி, சாம்பல் மீசை வரிசையில் வைத்த மூன்று வண்டுகள் அந்த இனம்தான். அவற்றில் முழுசாக இருப்பது மூன்றாவது. முதலாவதற்குக் கால்கள் இல்லை, இரண்டாவதைப் புழு பாதி தின்றுவிட்டது. அதனால் மூன்றாவதையே மூல மாதிரியாக வைத்து விவரித்துவிட்டேன். உன் ஏழும் கூடுதல் மாதிரிகளாகப் பட்டியலில் இருக்கின்றன. கிடங்கின் பெயரும் இருக்கிறது.

யார் முதலில் அச்சிடுகிறார்களோ அவர்கள் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. வேறு யாராவது முந்திக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் அவசரமாகச் செய்தேன். உன்னிடம் முன்பே சொல்லாததற்குக் காரணம், பெயர்ப் பகுதியைப் பார்த்தால் உனக்கே புரியும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இங்கே வழக்கமில்லை. பிறர்தான் வைக்க வேண்டும். நான் உன் பெயரை வைத்திருக்கிறேன். இனி உலகம் உள்ளவரை அந்த வண்டுக்கு உன் பெயர்தான்.

கிடங்கின் பெயரில் பிழை இருந்தால் மட்டும் திருத்தி அனுப்பு. ஜூன் 20க்குள் வந்தால் போதும், அதன்பிறகு அச்சுக்குப் போய்விடும்.

அம்மாவிடம் சொல். சந்தோஷப்படுவாள்.

அக்கா


மே 23

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

அச்சுப்படி கிடைத்தது. கிடங்கின் பெயரில் பிழை இல்லை.

என் பெயரை வைத்ததற்கு நன்றி. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எழுதினது யாரு?" என்று கேட்டாள். நீங்கள் என்றேன்.

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 11

அக்கா,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. போன கடிதத்தில் உன்னை நீங்கள் என்று எழுதிவிட்டு, இரண்டு நாள் எனக்கே வாய் கசந்தது.

இன்றைக்குத் தபாலில் போட்டால் இது உனக்கு 14ஆம் தேதி கிடைக்கும். அச்சுக்குப் போக ஆறு நாள் இருக்கும். அதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாவது வண்டின் கழுத்தை லென்ஸில் வைத்துப் பார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் வேலை கிடைக்காமல் ஒரு மாதம் உன்னோடு வந்து தங்கினேனே, நினைவிருக்கிறதா? உன் இழுப்பறைகளைத் துடைக்கச் சொல்லி சாவி கொடுத்தாய். ஒரு நாள் நீ கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். மூன்று வண்டுகளின் தலை கழன்று உருண்டது. இரண்டு தலைகள் கிடைத்தன. மூன்றாவது அலமாரிக்கு அடியில் போனது போனதுதான். தவழ்ந்து தவழ்ந்து தேடினேன். நீ வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஒடிந்த வண்டுகளைப் போடுகிற கழிவுப் பெட்டியில் ஒரு சாம்பல் மீசை கிடந்தது. அதன் தலையை எடுத்து, என் பையிலிருந்த நிறமில்லாத நகப்பூச்சைத் தொட்டு ஒட்டிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் கிடைத்த தலைகளை அப்படியே ஒட்டினேன். நீ உள்ளே வந்து, "என்னடி ஒரே நகப்பூச்சு வாசன, வேல பாக்க வந்தியா, அலங்காரம் பண்ண வந்தியா?" என்றாய். நான் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு உன்மேல் அவ்வளவு பயம்.

எல்லாம் ஒரே இனம் என்று உன் சீட்டுகள் சொல்லின. யார் தலை யாருக்கு இருந்தால் என்ன என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

அச்சுப்படியில் 'நெற்றிப் பள்ளம் சில மாதிரிகளில் மட்டும் உண்டு, மூல மாதிரியில் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் நகப்பூச்சு வாசனை வந்துவிட்டது. ஏழிலும் பள்ளம் இருக்கிறது என்று நான் எழுதினேன். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் மூன்றாவது வண்டின் உடம்பு புதிய இனம், தலை பழைய இனம். அப்படி ஒரு வண்டு உலகத்தில் எங்கேயும் இல்லை.

அச்சுப்படி வந்த அன்றே இது எனக்குத் தெரியும் அக்கா. மூன்று வாரத்துக்கு மேல் சும்மா இருந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது. என்றைக்காவது ஒருவன் அந்த வண்டை லென்ஸில் பார்ப்பான், ஊரே சிரிக்கும், நீ அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய். அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். இனித்தது. என் பன்னிரண்டு மதியங்களை எடுத்துக்கொண்டு எனக்கே பரிசு என்று நீட்டினாயே, அந்த எரிச்சலில் இனித்தது. அது மட்டும் இல்லை. உன் சாவி, உன் அறை, உன் பெயருக்குப் பக்கத்தில் நீ போட்டுக்கொள்கிற பதவி, எல்லாவற்றின் மேலும் எனக்கு எப்போதும் ஒரு கண் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இனித்தது.

நேற்று கிடங்கில் ரம்பக்காரர் கேட்டார், "மேடம், நம்ம வண்டு என்ன ஆச்சு?" நம்ம வண்டு என்றார். அதற்கு ஒட்டுப்போட்ட உடம்போடு ஒரு பெயர் நிற்கப்போகிறது என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. உனக்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. அலுவலகம் விட்டு இறங்கிப் போய், ஐம்பத்தொரு வயதில் முதன்முறையாக நகப்பூச்சு அழிக்கிற திரவம் வாங்கினேன். கடைக்காரப் பெண் என் நகங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒரு துளி விட்டேன். இருபது எண்ணுவதற்குள் தலை கழன்று தாளில் விழுந்தது.

ஆய்விதழுக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டார்கள். என் பிழை என்றேன்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. இதை எழுத உட்கார்ந்து நான்கு நாள் ஆகிறது. நலம் விசாரித்த வரியைத் தாண்டி இன்றைக்குத்தான் பேனா நகர்கிறது.

இந்தப் பெட்டியில் உன் ஏழு வண்டுகள் இருக்கின்றன. கூடவே சாம்பல் மீசையின் மூல மாதிரி, தனிப் பெட்டியில், தனிப் பஞ்சில். இரவல் படிவத்தையும் வைத்திருக்கிறேன். இயக்குநர் கையெழுத்துக்குக் கீழே தேதியைப் பார்ப்பாய். ஜனவரி 25. அவர் விடுப்பு முடிந்து வந்த அன்றே, ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். ஐந்து மாதமாகப் படிவம் என் மேஜைக்குள்தான் இருந்தது.

உன் முதல் இரண்டு வண்டுகளையும் பார்த்த அன்றைக்கே அது புதிய இனம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மூன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். காலில்லாததை விட்டால், மற்ற இரண்டின் தொடையிலும் முள் இருந்தது. பத்தொன்பது வருடம் என் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது, நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. வழவழப்பான தொடை என்று நூலில் வேறு எழுதி வைத்தேன். நீ ஒரு மரக்கிடங்கில், தலையெல்லாம் மரத்தூளோடு, ஒரே வாரத்தில் பார்த்துவிட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தே பழகியவள், இதற்கு மட்டும் அக்கறை, பொறுப்பு, அவசரம் என்று மாற்றி மாற்றிச் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாம் நடந்து வந்து மடியில் ஏறும். நான் தேடித் தேடிப் போக வேண்டும். நான் பதினொரு இனங்களை விவரித்திருக்கிறேன். ஒன்றைப் பற்றியாவது அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் வண்டு பெரியாளாயிடுச்சா என்று அவள் தினமும் கேட்கிறாள் என்று மார்ச் மாதம் நீ சாதாரணமாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்த கையோடு தாளை எடுத்து என் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன். உன் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் எழுதினேன். நல்ல வரைவு. திருத்த ஒன்றும் இல்லை. அதுவும் கோபமாக வந்தது.

மூன்றாவது வண்டை ஏன் எடுத்தேன் தெரியுமா? அதன் சீட்டில் பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நெற்றியில் பள்ளம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. உன் ஏழிலும் இருக்கிறது என்பதும் தெரிந்தது. ஏழும் தப்பு, என்னுடைய ஒன்று சரி என்று நினைத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகவே இல்லை. யாராவது மாணவி இப்படி எழுதியிருந்தால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கச் சொல்லியிருப்பேன்.

உன் பெயரை வைத்தது அன்பால் இல்லை. பெயர் உன்னுடையதாக இருந்தால், எழுதியவள் யார் என்று நீ கேட்க மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். அம்மா ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாள்.

நீ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதுதான் இந்த நான்கு நாளாக என்னைத் தின்கிறது.

இனி நீ எழுது. அவசரப்படாமல் எழுது என்று சொல்லத்தான் வாய் வருகிறது, சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். பதில் தாமதம் என்று நீ நினைத்திருந்தால், ஆமாம், வேண்டுமென்றேதான் தாமதித்தேன். நானும் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். கூரை ஒழுகவில்லை.

விவரணை முடிந்தது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு படி இதோடு வருகிறது. ஏழில் நான்காவதை மூல மாதிரியாக எடுத்திருக்கிறேன். தலை அதன் சொந்தத் தலைதான், இழுத்துப் பார்த்துவிட்டேன். அதை உன் அருங்காட்சியகத்துக்கே அனுப்புகிறேன். வேறு இடத்துக்கு அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் அலமாரி மாதிரி பத்திரமான இடம் வேறு இல்லை, நான் துடைக்காதவரை. சாம்பல் மீசையும் திரும்பி வருகிறது.

இனத்துக்கு ரம்பக்காரரின் பெயரை வைத்திருக்கிறேன். அவர்தானே முதலில் அதன் சத்தத்தைக் கேட்டார். அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மேடம், நான் அதுங்க வீட்ட அறுக்குறவன். என் பேரயா வெச்சீங்க?" என்றார்.

அம்மா இன்றைக்குக் கேட்டது, "பெரியவ மொத்தம் எத்தன வண்டுக்கு பேரு வெச்சிருக்கா?" பதினொன்று என்றேன். "அத்தனையா? ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். நீ சொன்னதே இல்லையாம். உன் கடிதங்களில் எப்போதும் ஒத்தடம்தானாம். அவளுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. பெரிய எழுத்தாக எழுது, கண் சரியில்லை.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. எப்போது தீரும் என்று தெரியவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன்.

உன்
சின்னவள்


செப்டம்பர் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலம். அம்மாவுக்குப் பெரிய எழுத்தில் எட்டுப் பக்கம் எழுதித் தனியாகப் போட்டிருக்கிறேன். பதினொன்றையும் வரிசையாக எழுதினேன். நீ படித்துக் காட்டும்போது நடுவில் உன் கருத்தைச் சேர்க்காதே.

வண்டு வந்தது. கழுத்தைப் பார்த்தேன். மன்னித்துக்கொள், இனி எதை எடுத்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பேன்.

உன் கட்டுரையைக் கையில் வாங்கியதும் நேராகப் பெயர்ப் பகுதிக்குப் போனேன். எதைத் தேடினேன் என்று உன்னிடம் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. என் பெயர் அங்கே இல்லை. இருக்க வேண்டிய நியாயமும் இல்லை. நியாயம் தெரிந்தும் பக்கத்தைத் திருப்பி அடிக்குறிப்பு வரைக்கும் தேடிப் பார்த்தேன். ரம்பக்காரருக்குக் கொடுத்துவிட்டாய். சரியான ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறாய்.

அடுத்த லோடு வரும்போது முன்கூட்டியே சொல். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் போய்விடும் என்றாயே, அந்த ஒரு நாளைக்கு வருகிறேன். கோபம் தீராமல் இருந்தாலும் பரவாயில்லை, கிடங்கில் ஒரு ஓரமாக நிற்கிறேன்.

மூல மாதிரிக்குச் சிவப்புச் சீட்டு எழுதிக் குத்துவது என் வேலை. வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. இனத்தின் பெயர், அதன்கீழே பெயரிட்டவர் பெயர், தேதி. மூன்றே வரி. முதல் சீட்டில், பெயரிட்டவர் இடத்தில், கைப்பழக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவதிலும் அப்படியே ஆயிற்று. அதற்குக் கைப்பழக்கம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்றாவதில் உன் பெயரின் முதல் எழுத்தில் மை ஊறிப் பரவிவிட்டது. மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன், நீயே கிழித்துப் போடு. நான்காவது சரியாக வந்தது.

அதை வண்டின் ஊசியில் குத்தி, பெட்டியில் வைத்து, இழுப்பறையை மூடினேன். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து திறந்து, உன் பெயரை ஒரு தடவை படித்தேன். இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது. மறுபடி மூடிவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன்
அக்கா